மறைஞானக் குழுக்களும் பாசிசச் சார்பும்

மறைவாகக் கூடி, மறைவான நூல்களைக் கற்று, மறைவான சடங்குகளை நிகழ்த்தும் சமயக் குழுக்கள் பாசிச அரசியலின்பால் சாய்வுடையனவா என்னும் வினா, ஐரோப்பிய வரலாற்றைக் கற்போரிடையே நெடுங்காலமாக இருந்து வருகின்றது. திரைப்படங்களும் பரபரப்பு நூல்களும் இதற்கு எளிதாக ‘ஆம்’ என்று விடை கூறிவிட்டன. நாஜிகள் மந்திரவாதிகளால் ஆட்டுவிக்கப்பட்டவர்கள் என்றே இன்று பல மாணவர்கள் எண்ணுகின்றனர். மறுபுறம், ஆன்மிக நாட்டமுடையோர்க்கும் அரசியலுக்கும் தொடர்பே இராது என்று கூறுவாரும் உளர். இவ்விரு விடைகளும் சான்றுகளுக்கு முன் நிற்கமாட்டா என்பதே நம் கருத்து.

இவ்வினாவை வகுப்பறையில் எழுப்புவதற்குத் தக்க காரணம் உண்டு. ஒரு குழுவின் வழிபாட்டு முறை நமக்கு விளங்கவில்லை என்பதற்காக அதனைக் கொடிய அரசியலோடு பிணைத்துவிடுவது அநீதியாகும். அதேபோல், ஆன்மிகத்தின் பெயரால் பேசப்படுகின்றது என்பதற்காகவே இனவெறியைக் கண்டும் காணாதிருப்பது பேரிடராகும். இவ்விரு பிழைகளுக்கும் இடையே நடப்பதற்கு நமக்கு வழிகாட்ட வேண்டியது வரலாறேயாகும்.

சொற்களின் எல்லை

முதற்கண் சொற்களை வரையறுத்துக்கொள்வோம். தமிழில் ‘மறை’ என்னும் சொல் இருபொருள் தருவது. வேதத்தையும் அது குறிக்கும், ஒளித்தலையும் குறிக்கும். உயர்ந்த அறிவு எல்லார்க்கும் வெளிப்படையாக நிற்பதன்று என்னும் எண்ணம் இச்சொல்லிலேயே உறைந்துள்ளது. இவ்வுரையில் ‘மறைஞானக் குழு’ என்று நாம் சுட்டுவது, உலகின் உண்மை இயல்பு பற்றிய இரகசிய அறிவு தன்னிடம் உண்டு என்றும், தீட்சை பெற்றோர்க்கே அது படிப்படியாக வழங்கப்படும் என்றும் கூறும் அமைப்பினையே. சோதிடம், ஆவியுலகத் தொடர்பு, எழுத்துகளுக்கும் எண்களுக்கும் மறைபொருள் காணுதல் ஆகியன இத்தகைய குழுக்களில் பெரும்பாலும் இடம்பெறும்.

‘பாசிசம்’ என்னும் சொல், கட்டு அல்லது கற்றை எனப் பொருள்படும் இத்தாலியச் சொல்லிலிருந்து பிறந்தது. பண்டை உரோமில் அதிகாரச் சின்னமாக விளங்கிய, கோடரி செருகிய பிரம்புக் கட்டினை அது நினைவூட்டும். 1919 மார்ச்சில் மிலான் நகரில் முசோலினி தம் இயக்கத்தைத் தொடங்கியபோது இப்பெயர் அரசியலில் நிலைபெற்றது. நமக்கு வேண்டாத எல்லா ஆட்சிகளையும் இப்பெயரால் அழைத்தல் பொருந்தாது. தேசத்தை அல்லது இனத்தை எல்லாவற்றுக்கும் மேலாக வைத்தல், தலைவர் ஒருவர்க்கே கீழ்ப்படிதல், வன்முறையைப் போற்றுதல், எதிர்ப்போரை ஒழித்தல், பெருந்திரள் மக்களை அணிதிரட்டல் ஆகிய கூறுகள் ஒருங்கே அமைந்த அரசியலே பாசிசம். இவற்றுள் இறுதிக் கூறு நம் வினாவிற்கு மிக இன்றியமையாதது என்பது பின்னர் விளங்கும்.

ஒரே வேரில் இரு கிளைகள்

இவ்வரலாற்றின் தொடக்கம் தமிழர்க்கு அணித்தேயுள்ள ஓர் இடத்தோடு தொடர்புடையது. பிளாவட்ஸ்கி அம்மையாரும் கர்னல் ஆல்காட்டும் பிறரும் 1875ஆம் ஆண்டில் நியூயார்க்கில் பிரம்ம ஞான சபையைத் தோற்றுவித்தனர். 1882இல் அதன் தலைமையகத்திற்கெனச் சென்னை அடையாற்றில் இடம் வாங்கப்பட்டது. இன்றும் அது அங்கேயே உள்ளது. இனம், சமயம், பால், சாதி, நிறம் என்னும் வேறுபாடு பாராத உலக உடன்பிறப்புணர்வுக்கு ஒரு கருவாக விளங்குதல் என்பது அச்சபையின் முதல் நோக்கமாக வகுக்கப்பட்டது.

அந்நோக்கம் ஏட்டளவில் நின்றுவிடவில்லை. ஒடுக்கப்பட்ட மக்களின் பிள்ளைகளுக்காக ஆல்காட் 1894இல் அடையாற்றில் இலவசப் பள்ளியைத் தொடங்கினார். அயோத்திதாசப் பண்டிதர் 1898இல் இலங்கை சென்று பௌத்தம் தழுவுவதற்கும் அவரே துணைநின்றார். பிரித்தானியப் பேரரசை எதிர்த்து 1916இல் தன்னாட்சி இயக்கத்தைத் தொடங்கிய அன்னி பெசன்ட், அச்சபையின் தலைவர். அடுத்த ஆண்டில் அவர் காவலில் வைக்கப்பட்டார்; விடுதலையானபின் இந்திய தேசியக் காங்கிரசின் தலைவராகவும் தேர்ந்தெடுக்கப்பட்டார். மறைஞானக் குழு ஒன்று அடக்குமுறையின் பக்கம் நிற்காமல் அதற்கு எதிராக நின்றமைக்கு இவை சான்றுகளாகும்.

எனினும் அதே சபையின் நூல்களில் வேறொரு விதையும் இருந்தது. பிளாவட்ஸ்கி 1888இல் வெளியிட்ட ‘இரகசியக் கோட்பாடு’ என்னும் பெருநூல், மாந்தகுலம் ‘மூல இனங்கள்’ பலவற்றின் வழியாக ஒன்றன்பின் ஒன்றாக வளர்ச்சியுறுகின்றது என்று விளக்கியது. அவ்வரிசையில் ஐந்தாவது மூல இனத்திற்கு அவர் ‘ஆரிய இனம்’ எனப் பெயரிட்டார். இக்கோட்பாட்டை அவர் அரசியல் திட்டமாக முன்வைக்கவில்லை. ஆயினும் சில மக்கட்கூட்டங்கள் வளர்ச்சியில் முன்னிற்பன, சில பின்தங்கியன என்னும் ஏணிப்படிக் கருத்து அதில் வெளிப்படையாகவே உள்ளது. உடன்பிறப்புணர்வைப் போற்றிய நோக்கமும், இனங்களைப் படிநிலைப்படுத்திய கோட்பாடும் ஒரே கூரையின் கீழ் வாழ்ந்தன.

அவ்வேணிப்படிக் கருத்து வியன்னா நகரை அடைந்தபோது உருமாறியது. அங்குக் குய்தோ ஃபொன் லிஸ்ட் என்னும் எழுத்தாளர், பண்டைச் செருமானிய ரூன் எழுத்துகளுக்கு மறைபொருள் கற்பித்து நூல்கள் எழுதினார். முன்னாளில் துறவியாக இருந்து மடத்தைவிட்டு வெளியேறிய லான்ஸ் ஃபொன் லீபென்பெல்ஸ், 1905 முதல் ‘ஒஸ்டாரா’ என்னும் இதழை நடத்தினார். பொன்னிறக் கூந்தலுடையோரே தெய்வ மரபினர், ஏனையோர் விலங்குக் கலப்பால் தாழ்ந்தோர் என்பது அவருடைய போதனை. தாழ்ந்தோர் எனத் தாம் கருதியவர்களுக்குக் கருத்தடையும் கட்டாய உழைப்பும் விதிக்கவேண்டும் என்றும் அவர் எழுதினார். தம் கொள்கைக்கு அவர் பின்னர் ‘ஆரியோசோபி’, அதாவது ஆரிய ஞானம், என்று பெயர் சூட்டினார்.

அடையாற்றில் உடன்பிறப்புணர்வுக்குத் துணைநின்ற அதே சொற்களஞ்சியம் வியன்னாவில் இனவெறிக்குத் துணைநின்றது எங்ஙனம்? உலக உடன்பிறப்பு என்னும் முதல் நோக்கத்தை வியன்னாக்காரர்கள் அகற்றிவிட்டு, இன ஏணியை மட்டும் எடுத்துக்கொண்டனர். ஆத்திரியப் பேரரசில் செருமானிய மொழியினர் தம் முதன்மையை இழந்துவிடுவோமோ என்று அஞ்சிய காலம் அது. அவ்வச்சத்திற்கு ஒரு புனித வரலாறு தேவைப்பட்டது. மறைஞானம் அவ்வரலாற்றை வழங்கியது. அச்சத்தையும் யூதர்மீதான வெறுப்பையும் மறைஞானம் உண்டாக்கவில்லை. முன்னரே இருந்தவற்றிற்கு அது திருநீறு பூசிவிட்டது.

மியூனிக்கில் நடந்தது

மறைஞானத்திற்கும் நாஜிக் கட்சிக்கும் நேரடித் தொடர்பு உண்டு என்பதற்குக் காட்டப்படும் தலையாய சான்று, மியூனிக்கின் ‘துலே சங்கம்’ ஆகும். ருடால்ஃப் ஃபொன் செபொட்டெண்டார்ஃப் என்பார் 1918 ஆகஸ்டில் இதனை அமைத்தார். வெளியுலகிற்குப் பண்டைச் செருமானிய மரபை ஆராயும் கழகம். உள்ளேயோ யூத எதிர்ப்பும் பொதுவுடைமை எதிர்ப்பும் கொண்ட அரசியல் வட்டம். வாளும் சுவத்திகமும் அதன் சின்னமாக இருந்தன. உள்ளூர் இதழ் ஒன்றைச் செபொட்டெண்டார்ஃப் விலைக்கு வாங்கினார். அவ்விதழே பின்னர் நாஜிக் கட்சியின் அதிகார நாளேடாக வளர்ந்தது. 1919 சனவரியில் அந்தோன் திரெக்ஸ்லரோடு இணைந்து செருமானியத் தொழிலாளர் கட்சியைத் தொடங்கிய கார்ல் ஹாரர், இச்சங்கத்தின் உறுப்பினர். அக்கட்சியின் கூட்டத்திற்கு 1919 செப்டம்பர் 12ஆம் நாள் பார்வையாளராக வந்தவரே ஹிட்லர்.

இதுவரை கூறியது சாய்வை மெய்ப்பிக்கின்றது. ஆனால் அடுத்து நடந்ததையும் நாம் கூறவேண்டும். ஹாரர் அக்கட்சியைச் சிறு வட்டமாக, அரைமறைவாக நடத்த விரும்பினார். ஹிட்லரோ பெருந்திரள் கூட்டங்களையும் தெரு முழக்கங்களையும் நாடினார். 1920 சனவரியில் ஹாரர் விலக நேர்ந்தது. அடுத்த மாதமே கட்சி, தேசிய சோசலிசம் என்னும் புதிய பெயரோடு இரண்டாயிரம் பேர் அளவிலான கூட்டத்தில் தன் திட்டத்தை அறிவித்தது. சிறு வட்டத்தின் இரகசியம் பெருந்திரளின் ஆரவாரத்திற்கு முன் தோற்றது.

செபொட்டெண்டார்ஃப் 1933இல் ‘ஹிட்லர் வருமுன்’ என்னும் பொருள்படும் தலைப்பில் நூலொன்றை வெளியிட்டு, இயக்கத்தின் மூலவர் தாமே என்று உரிமை கொண்டாடினார். நாஜி ஆட்சி அந்நூலைத் தடைசெய்தது. அவரும் நாட்டை விட்டு வெளியேற நேர்ந்தது. ஹிட்லர் துலே சங்கத்தின் உறுப்பினராக இருந்தார் என்பதற்குச் சான்றில்லை. வியன்னாவில் ‘ஒஸ்டாரா’ இதழை ஹிட்லர் விரும்பிப் படித்தார் என்னும் செய்தியும், போருக்குப் பின்னர் லான்ஸ் தாமே கூறியதைப் பெரிதும் சார்ந்து நிற்பது. புகழ் பெற்றவன் என் மாணவன் என்று கூறிக்கொள்பவரின் சொல்லை ஆராயாது ஏற்றல் வரலாற்று முறையன்று.

ஆட்சிக்கு வந்தபின்

மறைஞானக் குழுக்கள் பாசிசத்தின் நண்பர்கள் என்றால், பாசிசம் ஆட்சிக்கு வந்ததும் அவை செழித்திருக்க வேண்டும். நடந்தது பெரும்பாலும் அதற்கு நேர்மாறானது.

இத்தாலியில் 1925ஆம் ஆண்டிலேயே இரகசிய அமைப்புகளுக்கு எதிரான சட்டம் கொண்டுவரப்பட்டு, பிரீமேசன் கழகங்கள் ஒடுக்கப்பட்டன. செருமனியில் 1935க்குள் பிரீமேசன் கழகங்கள் கலைக்கப்பட்டன. அவ்வாண்டு நவம்பரில், ருடால்ஃப் ஸ்டைனர் நிறுவிய ஆந்த்ரோபோசபிக் கழகமும் அங்குத் தடைசெய்யப்பட்டது. ஆங்கிலேய மாந்திரிகர் குரோலியின் சீடரான கார்ல் கெர்மர் வதைமுகாமில் அடைக்கப்பட்டார். எசுப்பானியாவில் பிராங்கோ 1940 மார்ச்சிலும், பிரான்சில் விஷி அரசு அதே ஆண்டு ஆகஸ்டிலும் பிரீமேசன்களையும் இரகசிய அமைப்புகளையும் ஒடுக்கச் சட்டம் இயற்றின.

நாஜிகளுக்குத் துணைபோனோரும் தப்பவில்லை. நாஜிகளை ஆதரித்த புகழ்மிக்க மேடை வருவதுரைப்பார் ஹனுசன், யூதப் பிறப்பினர். 1933 மார்ச்சில் அவர் கொல்லப்பட்டார். கோயபல்சின் பரப்புரைத் துறைக்காக நாஸ்டிரடாமஸ் வாக்குகளுக்கு விளக்கம் எழுதித்தந்த சோதிடர் கார்ல் எர்ன்ஸ்ட் கிராஃப்ட், 1941இல் கைது செய்யப்பட்டார். 1945 சனவரியில் புக்கன்வால்டு முகாமுக்குக் கொண்டுசெல்லப்படும் வழியில் இறந்தார். அவர் கைதானமைக்குக் காரணம், 1941 மே 10ஆம் நாள் ஹிட்லரின் துணைவர் ருடால்ஃப் ஹெஸ் தனியே விமானமேறிப் பிரித்தானியாவுக்குப் பறந்தமையே. சோதிடத்தில் அவருக்கிருந்த ஈடுபாட்டின்மீது பழி சுமத்தப்பட்டு, அடுத்த மாதமே சோதிடர்கள், குணப்படுத்துவோர், மறைஞானிகள் ஆகியோர்மீது நாடளாவிய நடவடிக்கை எடுக்கப்பட்டது. 1938 செப்டம்பரில் நூரெம்பர்க்கில் நிகழ்த்திய உரையில், தம் இயக்கம் வழிபாட்டு இயக்கமன்று என்றும், மறைஞான நாட்டமுடையோர்க்கு அதில் இடமில்லை என்றும் ஹிட்லரே கூறியிருந்தார்.

ஏன் இந்தப் பகை? முழுமையான கீழ்ப்படிதலைக் கோரும் அரசு, தன் கண்ணுக்குப் புலப்படாத வேறொரு கீழ்ப்படிதலைப் பொறுக்காது. இரகசிய உறுதிமொழி எடுத்தவன் யாருக்கு உரியவன் என்னும் ஐயம் அதற்கு எழும். உலகளாவிய உடன்பிறப்பைப் பேசும் கழகமோ இனத்தின் எல்லையைக் கடந்துவிடும். ஆகவே கொள்கையால் நெருங்கியவரும் அமைப்பால் பகைவராயினர்.

இதற்கு விதிவிலக்காக நின்றவர் ஹிம்லர். தம் படைத்தலைவர்களுக்கெனப் பழங்கோட்டை ஒன்றை அவர் 1934இல் குத்தகைக்கு எடுத்தார். மூதாதையரின் நினைவு தமக்குண்டு என்று கூறிக்கொண்ட விலிகுட் என்பவரை அறிவுரையாளராக வைத்துக்கொண்டார். அவ்விலிகுட் முன்னர் மனநல மருத்துவமனையில் சேர்க்கப்பட்டிருந்தவர் என்பது வெளிப்பட்டதும் 1939இல் ஓய்வுக்கு அனுப்பப்பட்டார். ஹிம்லரின் ஆதரவில் 1935இல் தொடங்கப்பட்ட ‘அனெனெர்பெ’ என்னும் மூதாதையர் மரபு நிறுவனம் பற்றியே இன்றுள்ள மாயக்கதைகளுள் பல சுழல்கின்றன.

ஹிம்லரின் ஆதரவோடு 1938-39இல் திபெத்துக்குச் சென்ற ஆய்வுக்குழுவை எடுத்துக்கொள்வோம். பாதாள நகரத்தையும் மந்திர ஆற்றலையும் தேடியே அவர்கள் சென்றனர் என்பது கதை. உண்மையில் அக்குழுவினர் விலங்குகளையும் செடிகளையும் சேகரித்தனர். புரூனோ பெகர் என்னும் மானிடவியலார் திபெத்தியரின் தலைகளையும் முகங்களையும் அளந்தார். அதே பெகர் 1943இல் அவுஷ்விட்ஸ் முகாமுக்குச் சென்று யூதர்களைத் தேர்ந்தெடுத்தார். அவர்களுள் 86 பேர் நாட்ஸ்வைலர் முகாமுக்குக் கொண்டுவரப்பட்டுக் கொல்லப்பட்டனர். ஸ்டிராஸ்பூர்க் பல்கலைக்கழகத்தின் உடற்கூற்றியல் துறைக்கு எலும்புத் தொகுப்பு ஒன்றை உருவாக்குவதே அக்கொலையின் நோக்கம்.

இச்செய்தியை மாணவர்கள் ஊன்றி நினைத்தல் வேண்டும். அந்த 86 பேரைக் கொன்றது மந்திரமன்று. அளவுகோலும் பல்கலைக்கழகப் பதவியும் அரசாணையுமே. 1935இன் நூரெம்பர்க் இனச்சட்டங்களை வரைந்தவர்கள் அரசு அலுவலர்களும் சட்டம் கற்றவர்களுமே. நாஜிக் கொடுமையை மந்திரவாதிகளின் தலையில் சுமத்துவோமாயின், மருத்துவர், பேராசிரியர், நீதிபதி, எழுத்தர் ஆகிய கற்றோரின் குற்றம் நம் கண்ணிலிருந்து மறைந்துவிடும். ஆசிரியர்களாகிய நமக்கு அது வசதியான மறதி. எனவேதான் அஃது ஆகாத மறதி.

இத்தாலியின் எவோலா

கொள்கையளவில் மறைஞானமும் பாசிசமும் மிக நெருங்கிநின்ற இடம் யூலியஸ் எவோலாவின் எழுத்து. 1927இல் உரோமில் ‘ஊர்’ என்னும் மாந்திரிக ஆய்வுக் குழுவில் அவர் முதன்மை பெற்றிருந்தார். தொன்மரபே உண்மை, சமத்துவமும் மக்களாட்சியும் வீழ்ச்சியின் அறிகுறிகள், உலகம் கலியுகத்தில் உழல்கின்றது என்பன அவருடைய கொள்கைகள். 1934இல் வெளிவந்த ‘நவீன உலகுக்கெதிரான கிளர்ச்சி’ என்னும் நூலில் அவற்றை விரித்துரைத்தார். யுகக் கோட்பாடும் வருணப் பாகுபாடும் இந்திய நூல்களிலிருந்து எடுக்கப்பட்டு அங்கு ஐரோப்பியப் பிரபுத்துவத்திற்கு அணிகலனாக்கப்பட்டன. பின்னர் இனக்கொள்கை பற்றியும் எழுதி முசோலினியின் பாராட்டைப் பெற்றார்.

எனினும் எவோலா பாசிசக் கட்சியில் சேரவில்லை. 1930இல் அவர் நடத்திய ‘கோபுரம்’ என்னும் இதழ் பத்து இதழ்களோடு நிறுத்தப்பட்டது. பாசிசம் மிகவும் பாமரத்தன்மை உடையது, கூட்டத்தை நம்புவது என்பதே அவருடைய குறை. அதாவது, அவர் பாசிசத்தை எதிர்த்தது அதன் கொடுமைக்காக அன்று. அது போதிய அளவு மேட்டிமைத்தன்மை உடையதாக இல்லை என்பதற்காகவே. பாசிசத்தோடு முரண்பட்டார் என்பது மட்டுமே ஒருவரை மக்களாட்சியின் நண்பராக்கிவிடாது என்பதற்கு இவர் தக்க சான்று. போருக்குப் பின் தீவிர வலதுசாரி இளைஞர்களைத் தூண்டினார் என்னும் வழக்கில் 1951இல் அவர் விடுதலை பெற்றார். ஆயினும் அவருடைய நூல்கள் இன்றளவும் அவ்வட்டங்களில் பயிலப்படுகின்றன.

உறவுக்குரிய காரணங்கள்

ஆங்கில எழுத்தாளர் ஜார்ஜ் ஆர்வெல், அயர்லாந்துக் கவிஞர் யேட்ஸ் பற்றி 1943இல் எழுதிய கட்டுரையில் இவ்வுறவுக்கு இரு காரணங்கள் காட்டினார். அறிவு ஒரு சிலர்க்கே உரிய இரகசியம் என்னும் மறைஞானக் கருத்து, ஆளும் உரிமையும் ஒரு சிலர்க்கே என்னும் கருத்தோடு எளிதில் ஒட்டும் என்பது ஒன்று. காலம் சக்கரமாகச் சுழல்கின்றது என்றால் முன்னேற்றம், சமத்துவம் ஆகியன வெறுங்கனவாகும் என்பது மற்றொன்று. 1890 முதல் ‘பொன் விடியல்’ என்னும் மறைஞானக் குழுவில் இருந்த யேட்ஸ், முப்பதுகளில் அயர்லாந்தின் நீலச்சட்டை இயக்கத்தினர்க்கு நடைப்பாடல்கள் எழுதியவர் என்பதால் ஆர்வெலின் கூற்று வலுவுடையதே.

ஆனால் யேட்சின் இளமைக்கால நண்பரும் பிரம்ம ஞானியுமான ஜார்ஜ் ரசலை அதன் அருகில் வைத்துப் பார்ப்போம். அவரும் மறைஞானக் காட்சிகளில் தோய்ந்தவரே. அவர் தம் வாழ்நாளைச் செலவிட்டதோ அயர்லாந்து உழவர்களின் கூட்டுறவுச் சங்கங்களை அமைப்பதில். 1913இல் டப்ளின் முதலாளிகள் தொழிலாளர்களை வேலைக்கு விடாது கதவடைத்தபோது, முதலாளிகளைக் கண்டித்து வெளிப்படையாக மடல் எழுதியவரும் அவரே. ஒரே நகரம், ஒரே காலம், ஒத்த நம்பிக்கை, அரசியலோ எதிரெதிர். ஆகவே ஆர்வெல் கண்டது ஒரு வாயிலேயன்றி, அவ்வாயில் வழியே எல்லாரும் புகுந்தே தீரவேண்டும் என்னும் விதியன்று.

தலைவர் வழிபாட்டை நோக்கினும் இதுவே புலனாகும். உலகைக் காக்க ஒருவர் வருவார் என்னும் எதிர்பார்ப்பு பல மறைஞானக் குழுக்களில் உண்டு. பாசிசமும் அவ்வெதிர்பார்ப்பின் மீதே தலைவனை ஏற்றிவைக்கின்றது. அடையாற்றுக் கடற்கரையில் 1909இல் கண்டெடுக்கப்பட்ட சிறுவன் கிருஷ்ணமூர்த்தியை உலக ஆசானாக்க, 1911இல் ஓர் அமைப்பே உண்டாக்கப்பட்டது. பல நாடுகளில் பல்லாயிரவர் அதில் சேர்ந்தனர். ஆனால் 1929 ஆகஸ்டில் ஆலந்து நாட்டில் தம் அடியார்கள் முன்னிலையில் அவர் அவ்வமைப்பைக் கலைத்துவிட்டார். எவரும் தம்மைப் பின்பற்றலாகாது என்றார். ஐரோப்பாவில் தலைவர் வழிபாடு தலைதூக்கி வந்த காலத்தில் நிகழ்ந்த துறவு இது.

போருக்குப் பின்

1945க்குப் பின்னரே நாஜிசம் சில சிறு வட்டங்களில் உண்மையாகவே ஒரு மறைஞானச் சமயமாயிற்று. பிரான்சில் பிறந்து இந்தியாவில் குடியேறிய சாவித்திரி தேவி, 1958இல் வெளியிட்ட நூலில் ஹிட்லரை அவதாரக் கோட்பாட்டிற்குள் பொருத்திப் புகழ்ந்தார். இந்தியாவில் தூதராக இருந்த சிலி நாட்டவர் மிகேல் செரானோவும் அவ்வழியே எழுதினார். களத்தில் தோற்ற ஓர் அரசியல், வானத்தில் வென்றதாகத் தன்னைத் தேற்றிக்கொண்டது. இதற்கு எதிர்முனையில், 1960இல் பிரெஞ்சு மொழியில் வெளிவந்த ‘மந்திரவாதிகளின் காலை’ என்னும் நூல், நாஜி ஆட்சிக்குப் பின்னால் இரகசிய சக்திகள் இருந்தன என்னும் கதையை உலகெங்கும் பரப்பியது. வழிபடுவோரும் பரபரப்பு விற்போரும் ஒரே கதைக்கே உரமிட்டனர். இக்கதைகளைச் சான்றுகளோடு ஒப்பிட்டுப் பிரித்துக் காட்டிய பெருமை, 1985இல் தம் ஆய்வு நூலை வெளியிட்ட ஆங்கில வரலாற்றாசிரியர் நிக்கலஸ் குட்ரிக்-கிளார்க்கிற்கு உரியது.

இன்று வட ஐரோப்பியப் பழந்தெய்வங்களை வழிபடும் குழுக்களிடையே இப்பிளவு கண்கூடாகக் காணப்படுகின்றது. தெய்வங்கள் குருதி வழியாகவே உரியன என்போர் ஒருபுறம். 1987இல் அமெரிக்காவில் தொடங்கப்பட்ட ‘டிராத்’ போன்று, எவ்வினத்தாரையும் ஏற்போர் மறுபுறம். தெய்வங்கள் ஒன்றே, ரூன் எழுத்துகளும் ஒன்றே. ‘யார் உள்ளே வரலாம்’ என்னும் வினாவிற்கான விடையே இவர்களைப் பிரிக்கின்றது.

மதிப்பிடும் முறை

இதுகாறும் கண்டவற்றால் நம் வினாவிற்கு விடை தெளிவாகின்றது. மறைஞானம் என்னும் தன்மையே பாசிசச் சார்பை உண்டாக்குவதில்லை. ஆயினும் தெரிவு செய்யப்பட்ட சிலர், வீழ்ந்த உலகம், வரவிருக்கும் மீட்பர் என்னும் அதன் வழக்கமான கருத்துகள், பாசிசம் தனக்கு வேண்டும்போது எடுத்தாளத்தக்க கருவிகளாக உள்ளன. அவற்றோடு இனவுயர்வுக் கொள்கை சேரும்போதே நஞ்சு முற்றுகின்றது.

ஆகவே ஒரு குழுவை மதிப்பிடும் மாணவர், அதன் சின்னத்தையும் சடங்கையும் கண்டு முடிவு செய்தலாகாது. சுவத்திகம் நம் இல்லங்களில் மங்கலக்குறி. செருமனியில் அது கொலைக்குறி. குறியைக் கொண்டு கூட்டத்தை அளத்தல் இயலாது. கேட்கத்தக்க வினாக்கள் வேறு. இக்குழு மனிதரைப் பிறப்பால் உயர்த்தித் தாழ்த்துகின்றதா? தலைவரை மறுத்துப் பேச இடமுண்டா? விலக நினைப்பவர் அச்சமின்றி விலகலாமா? உலகின் துன்பங்களுக்கெல்லாம் ஒரு மக்கட்கூட்டமே காரணம் என்று கூறுகின்றதா? தன் வரலாற்றுக் கூற்றுகளுக்குச் சான்று கேட்டால் காட்டுகின்றதா, அல்லது கேட்பவனுக்குத் தகுதியில்லை என்கின்றதா?

இவ்வினாக்கள் மறைஞானக் குழுக்களுக்கு மட்டும் உரியவையல்ல என்பதைக் கூர்ந்து நோக்குவோர் அறிவர். அரசியல் கட்சிக்கும், மொழிப்பற்று இயக்கத்திற்கும், நாம் உறுப்பினராக உள்ள எந்தக் கழகத்திற்கும் இவை பொருந்தும். பல இனத்தவரும் பல சமயத்தவரும் அடுத்தடுத்த வீடுகளில் வாழும் நம் நாட்டில், அயலாரின் வழிபாடு நமக்கு மறைபொருளாகவே தோன்றக்கூடும். விளங்காததை வெறுக்காமலும், வெறுப்பை ஆன்மிகம் என்று வணங்காமலும் இருக்கக் கற்பித்தலே இவ்வரலாற்றை வகுப்பறைக்குக் கொண்டுசெல்வதன் பயன்.